ஈரல் காட்டிக் கொடுக்கும்!

ஆட்டின் ஈரலைக் கீறினால் அது மேய்ந்த ஏரிக்கரை தெரிகிறது. மாட்டின் ஈரலில் அது தின்ற செடி தெரிகிறது. நம் ஈரலில் என்னவெல்லாம் தெரியும்? பார்க்கத்தான் ஆள் இருக்கிறாரா?

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. கணவாய்ச் சரிவில் இறங்கி வரும் லாரிகளின் பிரேக் கருகிய வாடை தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் வரைக்கும் வருகிறது. மேட்டூர் ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. உரித்த வெள்ளாடு கொக்கியில் தொங்குகிறது. கடைக்காரர் வயிற்றைத் திறந்து குடலை அன்னக்கூடையில் சரியவிட்டு, ஈரலைத் தனியாக எடுத்துப் பலகையில் போடுகிறார். கால் கிலோ ஈரலுக்கு முந்தின நாளே சொல்லி வைத்தவர் பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

கடைக்காரர் தராசில் வைக்கவில்லை. ஈரலைப் புரட்டிப் பார்க்கிறார். பித்தக் குழாய் போகும் தடத்தில் கத்தி முனையால் ஒரு கீறல் போட்டு, கட்டைவிரலால் அழுத்துகிறார். பழுப்பு நிறச் சளியோடு தட்டையான ஒரு புழு வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. பின்னாலேயே இன்னொன்று.

“இது வேணாண்ணே, புழு விழுந்தது. நெஞ்செலும்பு போட்டுத் தரேன், எடுத்துக்குங்க.”

“எந்தப் பக்கத்து ஆடுப்பா?”

“ஏரியோரம் மேஞ்சதுண்ணே. வேற எங்க இருந்து வரும் இது?”

லேப் ரிப்போர்ட் இல்லாமல், ஒரு கீறலில் ஆட்டின் மேய்ச்சல் நிலத்தையே சொல்லிவிட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, கை படித்தது. ஆனால் அடுத்து அவர் செய்த காரியம்தான் வயிற்றைக் கலக்குகிறது. வேண்டாம் என்று ஒதுக்கிய ஈரலை, வாசலில் காத்திருந்த நாய்களுக்கு வீசினார்.

நத்தை, புல், நாய்

ஈரல் புழுவின் முட்டை புழுக்கையோடும் சாணத்தோடும் குட்டைக்குப் போகிறது. அங்கே பொரிந்து, நத்தைக்குள் புகுந்து பெருகி, பிறகு வெளியே வந்து நீரோரப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத கூடாக ஒட்டிக்கொள்கிறது. கோடையில் காடு மேடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது பச்சை எங்கே இருக்கும்? தண்ணீர் ஓரத்தில்தான். ஆடு அங்கேதான் போகும். புல்லோடு உள்ளே போன புழு குடல் சுவரைத் துளைத்து ஈரலை அடைந்து பித்தக் குழாயில் குடித்தனம் நடத்துகிறது. ஆட்டுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது, ‘எங்கே தண்ணி காட்டுறீங்க?’ என்றுதான்.

நன்றாக வெந்த ஈரலிலிருந்து இந்தப் புழு நமக்கு வராது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சில ஈரல்களில் வெள்ளையாக, நீர் நிரம்பிய கட்டிகள் இருக்கும். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் அது. கட்டி உள்ள ஈரலை நாய் தின்றால் அதன் வயிற்றில் புழு வளரும்; முட்டை நாயின் மலத்தில் வெளியேறி, புல்லுக்கும் கீரைக்கும், நாயைக் கொஞ்சிய குழந்தையின் கைக்கும் வரும். அங்கிருந்து மனித ஈரலில் அதே நீர்க்கட்டி. பல வருஷம் ஒன்றும் தெரியாமல் வளர்ந்து, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தேங்காய் அளவில் அகப்படும். நாய்க்கு வீசாமல் குழி தோண்டிப் புதைத்தால் இந்தச் சுற்று அறுந்துபோகும். அவ்வளவு சின்ன வேலை.

ஈரல் வழியாகத்தான்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் லாரி பாளையம் சுங்கச்சாவடியில் நிற்காமல் போக முடியுமா? உடம்புக்குள்ளும் அப்படி ஒரு சாவடி உண்டு. குடலில் உறிஞ்சப்பட்டதில் பெரும்பகுதி நேராக இதயத்துக்குப் போய்விடாது. போர்ட்டல் நாளம் வழியாக முதலில் ஈரலுக்கு வந்தாக வேண்டும். சோறு, சாராயம், மாத்திரை, கஷாயம், கடலையில் பூத்த பூஞ்சை எல்லாவற்றுக்கும் இதே பாதை. ஈரல் ஒவ்வொன்றையும் பிரித்து, மாற்றி, வேண்டியதைச் சேமித்து, வேண்டாததைப் பித்தத்தில் தள்ளுகிறது. அந்த வேலையில் அடிபடுவதும் அதுதான். அதனால்தான் புது மருந்தைச் சோதிப்பவர்களும், செத்த கோழியை அறுத்துப் பார்க்கும் நாமக்கல் கால்நடை மருத்துவர்களும் ஈரலைப் பார்க்காமல் விடுவதில்லை.

*பெட்டிச் செய்தி: ஈரல் கணக்கு*

பெரியவர்களின் ஈரல் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் அதற்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வருவது.

ஈரலின் உள்ளே வலி நரம்பு கிடையாது. மேலே மூடியிருக்கும் உறை இழுபட்டால்தான் வலிக்கும்.

ரத்தத்தில் பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் வரை சகஜம். 2.5-லிருந்து 3-ஐத் தொடும்போதுதான் கண் மஞ்சளாவது தெரியும்.

எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும் நொதி. மருந்து ஒன்றால் இது இயல்பைவிட 3 மடங்குக்கு மேலும், கூடவே பிலிருபின் 2 மடங்குக்கு மேலும் ஏறினால், அப்படிப்பட்ட 10 பேரில் ஒருவர் இறக்கக்கூடும். அமெரிக்க ஈரல் நிபுணர் ஹைமன் சிம்மர்மன் கவனித்துச் சொன்னது. ‘ஹை விதி’ என்று பெயர். இந்த விதியில் சிக்கிய மருந்து சந்தைக்கு வருவது கஷ்டம்.

மூக்கு உரிந்த மாடு

தருமபுரி மாவட்டத்துக் காட்டோரங்களில் ஆரஞ்சும் மஞ்சளும் ரோஜா நிறமுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் முள்செடியை யாரும் நட்டு வளர்க்கவில்லை. உண்ணிச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த தென்னமெரிக்கச் செடி இது. இன்று இந்தியக் காடுகளில் பெரும்பரப்பை வளைத்துக்கொண்டுவிட்டது.

உள்ளூர் மாடு இதை மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். மழை பொய்த்து வேறு தழையே இல்லாத ஆண்டிலும், வெளியூரிலிருந்து புதிதாகப் பிடித்து வந்த மாட்டிடமும்தான் வினை. இலையில் உள்ள லாண்டடீன் என்ற பொருள் ஈரலுக்குள் பித்தம் போகும் வழியை முடக்கிவிடுகிறது. முதல் நாள் மாடு தீனி எடுக்காது. அடுத்த நாள் மலச்சிக்கல், கண்ணில் மஞ்சள். அதற்கப்புறம் நடப்பதுதான் விசித்திரம். மூக்கு, காது, மடி, தோலில் வெள்ளை உள்ள இடமெல்லாம் வெந்ததுபோல் சிவந்து உரியும். கறுப்புத் திட்டுக்கு ஒன்றும் ஆகாது.

விளக்கம் இதுதான். புல்லின் பச்சையம் மாட்டின் வயிற்றில் செரிக்கும்போது ஃபைலோஎரித்ரின் என்ற சாயம் உண்டாகிறது. சாதாரணமாக அது பித்தத்தோடு வெளியேறிவிடும். பித்த வழி அடைபட்டால் ரத்தத்தில் கலந்து தோலுக்கு வந்து சேர்கிறது. அங்கே வெயில் பட்டதும் தோலைப் பொசுக்குகிறது. ‘வெயில் கொப்புளம்’ என்று மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் தடவிக்கொண்டிருந்தால் மாடு போய்விடும். நோய் இருப்பது ஈரலில். செய்ய வேண்டிய முதல் வேலை மாட்டை நிழலில் கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுவது.

அன்னியச் செடிகளை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. காட்டு யானைக்கும் புலிக்கும் நல்லது என்று அதைப் பற்றி நிறைய எழுதினார்கள். ஒற்றை மாட்டை வைத்துப் பிழைப்பவருக்கு அது ஈரல் விஷயமும்கூட என்பது எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

88 பால் மாதிரிகள்

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. மறு வருடம் அக்டோபரில் முடிவு வந்தபோது, எல்லோரும் தேடிய யூரியாவும் சோப்புத் தூளும் சொற்பம். எதிர்பாராத பூதம் வேறு: அஃப்லடாக்சின் எம்1. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், வரம்பை மீறி இருந்தது. பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 551 மாதிரிகளில் 88. அடுத்து டெல்லி 38, கேரளம் 37.

பாலில் யாரும் கலந்ததல்ல இது. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பச்சை மஞ்சளாகப் பூஞ்சை பூக்கிறது. அது விடும் நஞ்சு அஃப்லடாக்சின் பி1. அதை மாடு தின்றால், மாட்டின் ஈரல் தன்னால் முடிந்தவரை அதை மாற்றி எம்1 ஆக்குகிறது. அது மடி வழியாகப் பாலுக்கு வருகிறது. மாட்டு ஈரல் தன் வேலையைச் செய்ததற்கான ரசீது நம் டம்ளரில் இருக்கிறது. காய்ச்சினால் போகுமா? போகாது. தயிராக்கினாலும் போகாது.

இந்த நஞ்சு முதன்முதலில் மாட்டிக்கொண்டதும் ஈரலில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடமடவென்று செத்தன. என்ன நோயென்று தெரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். அறுத்துப் பார்த்தால் ஈரல் அழுகியிருந்தது. தீவனத்தைத் துருவியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது.

மனிதருக்கும் இது எவ்வளவு கொடியது என்பதை 1974 காட்டியது. ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை. நனைந்த மக்காச்சோளத்தை அப்படியே சேமித்து, அதையே அரைத்துத் தின்றார்கள். காமாலை, வயிற்றில் நீர், மரணம். 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்ததாக ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். தொற்றுக் காமாலை அல்ல என்பதற்கு முக்கியமான ஒரு தடயம் வாசலிலேயே படுத்திருந்தது. அந்த வீடுகளில் மிச்சம் மீதி தின்ற நாய்களுக்கும் அதே காமாலை.

அது ஒரேயடியாக நிறைய உள்ளே போன கதை. கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் போனால் ஈரல் புற்றுநோய். கூடவே ஹெபடைட்டிஸ் பி கிருமியும் இருந்துவிட்டால் கணக்கு கூட்டல் அல்ல, பெருக்கல். ஷாங்காய் ஆண்களிடம் நடந்த ஆய்வில் அஃப்லடாக்சின் மட்டும் உள்ளவருக்கு ஆபத்து 3 மடங்கு சொச்சம். கிருமி மட்டும் என்றால் 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தபோது ஏறத்தாழ 60 மடங்கு.

தருமபுரி மாவட்டத்தில் கடலை உண்டு, மக்காச்சோளம் உண்டு, வீட்டுக்கு வீடு கறவை மாடும் உண்டு. கடலைக் காயைச் சரியாகக் காய வைக்காமல் மூட்டை கட்டுவதும், சுவரோரம் மண் தரையில் மூட்டையை அடுக்குவதும்தான் பூஞ்சைக்கு அழைப்பு. நமக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பூத்துப் போனதை நாம் தின்ன மாட்டோம். ‘மாட்டுக்கு ஆகும்’ என்று எடுத்து வைப்போம். அந்த ‘ஆகும்’தான் 88 மாதிரிகளில் வந்து நிற்கிறது. கட்டைமேல் அடுக்குவது, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைப்பது, கசக்கும் கடலையைத் துப்புவது இதெல்லாம் பாட்டி வைத்தியமல்ல, ஈரலுக்கான காவல். மொத்தமாகத் தீவனம் வாங்குபவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடமே இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் அதைப் பயன்படுத்தும் அளவுக்கு மாட்டுக்காரர்கள் பயன்படுத்துவதில்லை.

சாமையில் கலந்த விதை

இன்று சிறுதானியத்துக்கு நல்ல காலம். தருமபுரி மலைச் சாமைக்குச் சென்னையில் தனி மவுசு. இதே சாமையோடு சேர்ந்து ஒரு துயரம் மத்திய இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் நடந்தது. 1970-களின் நடுவில் சில பழங்குடிக் கிராமங்களில் திடீர் திடீரென்று வயிறு வீங்கி மக்கள் இறந்தார்கள். 67 பேருக்கு நோய். 28 பேர் இறந்தார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் பி.என். டாண்டன் குழு ஈரல் துண்டை எடுத்துப் பார்த்தபோது, ஈரலுக்குள் உள்ள நுண்ணிய சிரைகள் அடைபட்டிருந்தன. கிருமி செய்கிற வேலையல்ல அது. சில செடிகளில் உள்ள பைரோலிசிடின் என்ற நஞ்சின் கைரேகை. வயலுக்குப் போய்த் தேடினார்கள். சாமைப் பயிருக்கு நடுவே கிலுகிலுப்பை இனக் களை ஒன்று. அதன் விதை தானியத்தோடு அறுவடையாகி உலைக்கு வந்திருந்தது.

புடைப்பதும் சலிப்பதும் பெண்களின் வெட்டி வேலை என்று நினைத்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். களை விதையை முறத்தில் தள்ளிய கைகள் எத்தனை ஈரலைக் காப்பாற்றியிருக்கும்!

பித்தளைக் குண்டான்

ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு ‘குலைக்கட்டி’ என்ற சொல் நினைவிருக்கும். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தை. முதலில் சிணுங்கும், பால் குடிக்காது, வயிறு உப்பும். தொட்டுப் பார்த்தால் ஈரல் கல்லாக இருக்கும். சில மாதத்தில் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த குழந்தைக்கும் அதுவே வரும். வம்ச சாபம் என்றார்கள், தோஷம் என்றார்கள். சென்னை ஜம்மி வெங்கடரமணய்யாவின் ‘லிவர் கியூர்’ அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரங்களில் வீட்டுப் பெயராகவே இருந்தது.

டாக்டர்கள் இதற்கு ‘இந்தியக் குழந்தைகளின் ஈரல் சுருக்கம்’ என்று பெயர் வைத்தார்கள். 1887-லேயே கல்கத்தாவில் பதிவான நோய், ஏறத்தாழ நூறு வருஷம் காரணம் தெரியாமல் இருந்தது. இறந்த குழந்தைகளின் ஈரலில் செம்பு மலைபோல் குவிந்திருப்பது தெரிய வந்ததும் கதை திரும்பியது. பூனாவில் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் பிரிட்டிஷ் மருத்துவர் ஸ்டூவர்ட் டேனரும் ஒரு எளிய கேள்வியோடு வீடு வீடாகப் போனார்கள்: குழந்தைக்குப் பால் எதில் காய்ச்சுகிறீர்கள்? 1983-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது பதில். தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தி, மாட்டுப் பாலைப் பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து கொடுத்த வீடுகளில்தான் நோய் அதிகம். பாலில் உள்ள புரதம் செம்பைப் பிடித்துக்கொள்கிறது. பிஞ்சு ஈரலால் அதைப் பித்தத்தில் கொட்ட முடிவதில்லை.

இங்கேதான் தெருவில் ‘ஈயம் பூசறதூ…’ என்று கூவிக்கொண்டு வந்தவரின் அருமை தெரிகிறது. துருத்தியும் நவச்சாரமும் வெள்ளீயமும் வைத்துக்கொண்டு திண்ணையோரம் உட்கார்ந்தவர், பாத்திரத்தைப் பளபளப்பாக்கவில்லை; பாலுக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பினார். ஈயப் பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் அந்தச் சுவர் இல்லை. பிறகு எவர்சில்வர் வந்தது. யாரும் சட்டம் போடவில்லை, ஊசி போடவில்லை. நோய் கிட்டத்தட்ட மறைந்தே போனது. மரபுக்கூறும் சேர்ந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப் பகுதியிலும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பால் குடித்த 138 குழந்தைகள் 1900-க்கும் 1974-க்கும் இடையே இதே மாதிரி இறந்திருக்கிறார்கள் என்று பின்னாளில் தெரிய வந்தது. அங்கேயும் பாத்திரம் மாறியது, நோய் போனது.

செம்பு பாட்டில் மறுபடி ஃபேஷனாகிவிட்ட காலம் இது. தண்ணீர் வைத்துக் குடிப்பவர்கள் குடித்துக்கொள்ளட்டும். பாலையும் மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் அதில் ஊற்றாதீர்கள்.

“மருந்து ஒண்ணும் சாப்பிடலைங்க”

காமாலையோடு வரும் நோயாளியிடம் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. பொய் சொல்வதில்லை. நம் அகராதியில் கஷாயம் மருந்தல்ல, சூரணம் மருந்தல்ல, ஜிம்மில் கொடுத்த பவுடர் மருந்தல்ல, மெடிக்கலில் ‘உடம்பு வலிக்கு’ என்று கேட்டு வாங்கிய நாலு மாத்திரையும் மருந்தல்ல.

இந்தியாவில் மருந்தால் ஈரல் கெட்ட 1,288 பேரைப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவர் ஹர்ஷத் தேவர்பாவி தலைமையிலான குழு, பல மருத்துவமனைகளிலிருந்து 2013 முதல் 2018 வரை பதிவு செய்தது. 46 சதவீதம் காசநோய் மருந்து. ஏறத்தாழ 14 சதவீதம் நாட்டு மருந்து, மூலிகை வகையறா. 8 சதவீதம் வலிப்பு மருந்து.

காசநோய் மாத்திரையை இதைக் கேட்டுப் பயந்து யாரும் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் காசநோய் கொல்லும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே ஈரலைத் தொடும். பெரும்பாலானவர்களின் ஈரல் அதைத் தாங்கிக்கொள்ளும். சிலருக்குத் தாங்காது. சிறுநீர் காபி நிறத்தில் போவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, தொடர்ந்த வாந்தி இவை வந்தால் அடுத்த டோஸுக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். அங்கே மருந்தை மாற்றி, ஈரல் தேறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போவது வேறு, அது சகஜம். இரண்டுக்கும் வித்தியாசத்தை மாத்திரை கொடுக்கிறவர் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கீழாநெல்லியைத் தொடாமல் தமிழில் ஈரலைப் பற்றி எழுத முடியாது. இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பரூச் பிளம்பர்க்கோடு சேர்ந்து 1988-ல் ‘லான்செட்’டில் ஒரு முடிவை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி 30 நாள் எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே நிமிர்ந்து பார்த்தது. தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கதை அங்கே நிற்கிறது. கெட்ட தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்த நேரத்தில் குடித்த எதற்கும் பெயர் கிடைக்கும். கர்ப்பிணிக்கு வரும் இ வகை மட்டும் உயிருக்கே உலை வைக்கும். அதற்கு நாட்டு வைத்தியரைத் தேடி நேரத்தை வீணாக்குவது பெரும் தவறு.

கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்திலை வேளாவேளைக்கு விழுங்கியவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கியதை 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்து 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. மஞ்சளும் தப்பவில்லை. சாம்பாரில் போடும் மஞ்சள் அல்ல. மிளகுச் சத்தைக் கூட்டி அடர்த்தியாக்கிய கேப்ஸ்யூல். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஈரல் அழற்சி வந்தவர்களிடம் அது பிடிபட்டிருக்கிறது.

ஈரலே காய்ச்சும் விஷம்

ஈரல் மாற்றுவதெல்லாம் நல்லதாகத்தான் மாறும் என்று இல்லை. பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி பத்திரமாக வெளியேறும். ஒரு சிறு பகுதியை ஈரல் நஞ்சாக மாற்றி, உடனே தன் கையிருப்பிலுள்ள குளுட்டாதயோனால் அணைத்துவிடும். அளவு மீறும்போது அணைக்கச் சரக்கு போதாது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம் உச்சம். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் வாங்கிய மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கக்கூடும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் வேண்டும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தில் கலந்து 65-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த மெத்தனாலும் இதே வகை. அது வயிற்றில் இருக்கும்போது பெரிய கொலைகாரன் அல்ல. சாராயத்தை உடைக்கிற அதே ஈரல் நொதி அதையும் உடைத்து ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கண்ணையும் உயிரையும் பறிப்பது அந்த அமிலம். சிகிச்சையில் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடத்தான் மருந்து கொடுக்கிறார்கள்.

*பெட்டிச் செய்தி: தெளிந்துவிட்டது என்று நம்பாதீர்கள்*

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட், தமிழ்நாட்டில் ஈரல் செயலிழப்புக்குப் பெரிய காரணங்களில் ஒன்றாக இருந்துவந்தது. மாநில அரசு அதைத் தடை செய்திருக்கிறது. பழைய சரக்கு எங்காவது மூலையில் கிடக்கலாம். இதில் ஏமாற்றுவது, முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாகத் தெளிந்துவிட்டதுபோல் இருப்பது. வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அதற்குள் ஈரல் விழுந்திருக்கும். குழந்தை தெரியாமல் வாயில் வைத்திருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தப் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பலரைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

மனம் உடைந்து தவறான எண்ணம் வந்தால், எந்நேரமும் பேச ஆள் உண்டு: 104 அல்லது 14416.

ஈரல் வாய் திறக்காத இடம்

எல்லா நஞ்சையும் ஈரல் சொல்லிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். தருமபுரிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்த மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரின் ஃப்ளூரைடை யாரும் ஈரலில் கண்டுபிடிக்கவில்லை. குழந்தைகளின் பல்லில் படிந்த காவிக் கோடும், வளைந்த முழங்காலும்தான் சொன்னது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அந்தப் பற்கள்தான் காரணம்.

‘கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வந்தால், எஸ்.ஜி.பி.டி. நார்மல்தானே என்று மடித்து வைத்துவிடுகிறோம். ஈரலில் கொழுப்பு ஏறியும் நொதி சரியாக இருக்கலாம். ஈரல் சுருங்கிய பிறகும்கூட இருக்கலாம். கணவாயில் இரவெல்லாம் ஸ்டியரிங் பிடித்து, புரோட்டாவும் சால்னாவும் தின்று, பகலில் தூங்கும் லாரி டிரைவருக்கு, சொட்டு சாராயம் தொடாமலேயே இது வரும். சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் சேர்ந்திருந்தால் லேப் ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

படிக்க ஆள்?

வான்கோழி, பழங்குடிக் கிராமத்து நாய், பூனா குழந்தை என்று முன்னே பார்த்த இவற்றிலெல்லாம் ஈரல் ஒழுங்காகச் சொல்லியது. யாரோ ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, ‘என்ன சாப்பிட்டது?’ என்று வீட்டுக்கும் வயலுக்கும் நடந்து போனார். நடந்து போகிற அந்த ஆள்தான் நம்மிடம் குறைச்சல்.

சட்டத்தில் குறையில்லை. 2001-ம் ஆண்டின் ஆடறுப்பு மனை விதிகளின்படி ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளுக்கு 96-க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. அவ்வளவு நிதானமாகப் பார்க்க வேண்டுமாம். ஹைவே ஓரத்துக் கொட்டகையில் அந்தப் பரிசோதகர் வேலையையும் கறிக்கடைக்காரரே பார்க்கிறார். எத்தனை ஈரல் கழிந்தது, எந்த ஊர் ஆடு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னாலே போதும். எந்த ஏரிக்கரை ஆடுகளுக்குப் புழு மருந்து கொடுக்க வேண்டும் என்று கால்நடைத் துறைக்குத் தெரிந்துவிடும்.

மனிதர் பக்கத்திலும் வழி இருக்கிறது. மருந்தால் வந்த கேடு எதுவானாலும் தெரிவிக்க 2010 முதல் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று நடக்கிறது. இலவச எண் 1800-180-3024. டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நோயாளியோ வீட்டாரோ எழுதலாம். அதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. டாக்டர்கள் நிரப்பும் படிவத்தில், தானாக வாங்கிச் சாப்பிட்டது, மூலிகை மருந்து உட்பட வேறு என்னென்ன எடுத்துக்கொண்டார் என்று கேட்டு ஒரு கட்டம் உண்டு. ‘மருந்து ஒண்ணும் சாப்பிடலைங்க’ என்பவர் ஜாடியில் வைத்திருக்கும் கஷாயப் பொடியை, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பையில் போட்டு எடுத்துப் போனால் அந்தக் கட்டம் காலியாக இருக்காது.